பிலிம் கேமரா இப்போது வாங்கலாமா? வாங்கினால் எதை?

பரணில் கிடக்கும் அப்பாவின் யாஷிகாவைத் தூசி தட்டி எடுக்கலாமா, செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் தேடலாமா, புதிதாகவே ஒரு பிலிம் கேமரா வாங்கிவிடலாமா, இல்லை அந்தக் காசை டிஜிட்டலிலேயே போட்டுவிடலாமா? கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களில் பலர் பிலிம் ரோலைக் கையால் தொட்டே பார்க்காத வயதினர். விலை கேட்கிறார்கள், மாடல் கேட்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் இது ஓடுமா என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் வேலைக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் டிஜிட்டல்தான். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 6400 வைத்து டிஜிட்டலில் சுத்தமாக எடுத்துவிடலாம். பிலிமில் 400ஐத் தாண்டினாலே கடையில் தேர்வு சுருங்கிவிடுகிறது. தாலி கட்டும் நொடி சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள, பிலிம் கழுவும் லேபிலிருந்து தகவல் வரும்வரை பத்து நாள் காத்திருக்க எந்தச் சம்பந்தி வீட்டாரும் சம்மதிக்க மாட்டார்கள். டிஜிட்டலோடு சேர்த்து ஆசைக்கு ஒரு ரோல் எடுத்துத் தருகிறேன் என்றால் அது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம்.

சரி, சொந்த ஆசைக்கு எடுப்பவர்கள் பக்கம் வருவோம். டிஜிட்டல் கேமரா வளர்ந்துகொண்டே போகிறது, பிலிம் தேய்ந்துகொண்டே போகிறது என்றுதான் பொதுவாகப் பேச்சு. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளிலிருந்து வெளியே போயின. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வளர்ந்தது போன்தான். பிலிமைத் தள்ளிவிட்டு வந்த குட்டி டிஜிட்டல் கேமராக்களை அது பத்தே வருஷத்தில் துடைத்துப் போட்டுவிட்டது. இன்றைக்குத் தனியாக ஒரு கேமரா வாங்குகிறவர், அது எந்த வகையானாலும், தேவைக்காக வாங்குவது அபூர்வம். பிடித்திருக்கிறது, வாங்குகிறார். அதனால் எது நல்ல படம் தரும் என்ற பழைய சண்டையை இங்கே நான் இழுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. டிஜிட்டல் இதற்கு நேர்மாறு, வானம் ஒருமுறை வெளுத்துவிட்டால் அதை மீட்க முடியாது. இரண்டிலும் பழகிவிட்டால் நல்ல படம் வரும்.

இனி பிலிமின் ஆயுள். கோடக்கின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டிய ஸ்டீவன் சாசன் அந்த நிறுவனத்துப் பொறியாளர். 2012 ஜனவரியில் அதே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. நிறுத்தப்பட்டிருந்த எக்டாகுரோம் ஸ்லைடு பிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகவே படம் தெரியும் வகை) 2018இல் திரும்பி வந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து ஆலையின் பிலிம் உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தி இயந்திரங்களைப் புதுப்பித்தார்கள். தேவை கூடிவிட்டது என்பதே காரணம். 2025இல் கோடாகலர் என்ற பழைய பெயரில் 100, 200 ஐஎஸ்ஓ ரோல்களை விற்பனைக்கு விட்டார்கள். அதே 2025 ஆகஸ்டில், நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்று தன் நிதி அறிக்கையில் எழுதியதும் இந்தக் கோடக்தான். பிலிமுக்கு ஆள் இருக்கிறது, பிலிம் செய்யும் நிறுவனத்தின் தலைக்கு மேல் அப்போது கடன் இருந்தது. இரண்டும் உண்மை.

இங்கிலாந்தின் இல்ஃபோர்டு 2004இல் நொடித்தது. மறு வருஷம் அதன் மேலாளர்களே சேர்ந்து ஆலையை வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார்கள். எச்பி5, எஃப்பி4 கறுப்பு வெள்ளை ரோல்கள் இன்றும் அங்கிருந்துதான் வருகின்றன. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்று சொந்தமாக ஒரு கலர் பிலிமும் கொண்டுவந்தார்கள். அதில் எடுத்த படங்கள் முரட்டுத்தனமாக இருந்தன. மணல் போட்ட மாதிரி புள்ளிகள், விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம். 1879இல் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கே கலர் பிலிம் உடனே வசப்படவில்லை. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அடுக்குகளைக் கும்மிருட்டில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பிசகாமல் பூச வேண்டிய வேலை அது. விட்ட இடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்கிற தொழில் அல்ல.

அதை ஊட்டிக்காரர்களிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். தூசி குறைந்த, குளிர்ந்த மலைக்காற்றை நம்பி அங்கே அமைத்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடு முழுக்கப் போயின. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு உட்கார்ந்தவர்களில் எத்தனையோ பேரின் முகம் அந்த பிலிமில்தான் விழுந்திருக்கும். கலர் வந்தது, வெளிநாட்டுச் சரக்கு எளிதாக உள்ளே வந்தது, நிறுவனம் கடனில் மூழ்கியது. 1990களிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் டிஜிட்டலுக்கு மாறியது. 2010களில் ஆலை மூடப்பட்டது. இன்று இந்தியாவில் பிலிம் போட்டுப் படம் எடுப்பவர் இறக்குமதி விலை கொடுக்கிறார். டாலர் ஏறினால் ரோல் விலையும் ஏறும்.

இருந்தாலும் ரோல் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம் எனக்குப் பெரிதாக இல்லை. விலை ஏறும், சில வகை நிற்கும், சில வகை வரும். பயம் வேறு இடத்தில். கோடாகுரோமை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் வந்த அந்த ஸ்லைடு பிலிமின் உற்பத்தியைக் கோடக் 2009இல் நிறுத்தியது. அதைக் கழுவ மற்ற பிலிமுக்கான மருந்து உதவாது, தனி முறை, தனி இயந்திரம். கடைசியில் உலகத்திலேயே ஒரே ஒரு லேப் மிச்சம் இருந்தது, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில். 2010 டிசம்பர் முடிவில் அவர்களும் கோடாகுரோம் ரோல் வாங்குவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்த ரோலாக இருந்தாலும் அதில் கலர் வரவைக்க வழியில்லை, கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும். பிலிம் இருந்தது, கேமரா இருந்தது, கழுவ ஆள் இல்லை.

நம் ஊர்களில் கலர் லேப்கள் மூடிக்கொண்டே வருவதால் இந்தக் கதையைச் சொல்கிறேன். சாதாரணக் கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறைக்கு மருந்து 38 டிகிரியில் நிற்க வேண்டும், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தில் மூன்றேகால் நிமிஷம். முறை எளிதுதான். ஆனால் தினமும் ரோல்கள் வராவிட்டால் மருந்து கெட்டுப்போகும், கெட்ட மருந்தில் கழுவினால் நிறம் கெடும். கழுவிய பிலிமைப் படமாக்கும் நோரிட்சு, ஃப்ரான்டியர் ஸ்கேனர்களும் 2000களில் செய்தவை, இப்போது தயாரிப்பில் இல்லை. ஒன்று பழுதானால் இன்னொன்றைக் கழற்றித்தான் பாகம் எடுக்கிறார்கள். அதற்கும் மேலே கேமரா மெக்கானிக். மும்பை போரா பஜாரிலும் டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட்டிலும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னையிலும் தேடினால் கிடைப்பார்கள். ஆனால் பெரும்பாலும் வயதானவர்கள், பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒரு பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரிது. எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது என்பதை நான் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்வேன். இன்னும் பத்து வருஷத்தில் இதைத் திறந்து சரிசெய்ய யாராவது இருப்பார்களா?

அப்படிப் பார்த்தால் முதலில் அடிபடுவது இப்போது அதிகம் விரும்பப்படும் வகைதான், 1990களின் ஆட்டோபோகஸ் குட்டிக் கேமராக்கள். 1990இல் வந்த கான்டாக்ஸ் டி2, 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ 2 போன்றவை. கைக்கு அடக்கம், அருமையான லென்ஸ். சினிமா நட்சத்திரங்களும் மாடல்களும் கையில் வைத்துச் சுற்றியதில் விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் உள்ளே இருப்பது முழுக்க மின்சுற்று. கான்டாக்ஸைச் செய்த கியோசெரா 2005இலேயே கேமராத் தொழிலை விட்டுப் போய்விட்டது. அந்த மின்சுற்றுப் பலகை எரிந்தால் கேமரா முடிந்தது. அவ்வளவு விலை கொடுத்து, எப்போது நிற்கும் என்று தெரியாத ஒன்றை வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைத்தால் சந்தோஷமாக எடுங்கள்.

பரணில் இருக்கும் யாஷிகா எம்எஃப்-2 போன்றவை அந்த இலவச வகை. பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா, லென்ஸில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரோல் போட்டு எடுத்துப் பாருங்கள். பிலிம் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. சரிவரவில்லை என்றால் திரும்பப் பரணுக்கு.

நான் கைகாட்டுவது முழு மெக்கானிக்கல் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா. பென்டாக்ஸ் கே1000 1976 முதல் 1997 வரை வந்தது, நிக்கான் எஃப்எம்2 1982இல் அறிமுகமானது. இரண்டிலும் பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும்தான், அது செத்தாலும் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் திரை) வேலை செய்யும். அந்தப் பேட்டரியும் கடிகாரக் கடையில் கிடைக்கும் பொத்தான் வகை. இதே காலத்துக்குச் சற்று முந்திய வேறு சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி கேட்கும், இப்போது அதைச் செய்வதே இல்லை, அதனால் மாடலைச் சரிபார்த்து வாங்குங்கள். எஃப்எம்2வின் ஷட்டர் நொடியில் 4,000இல் ஒரு பங்கு வரை போகும், நம் ஊர் மதிய வெயிலுக்கு அது ரொம்ப உதவி. கே1000 ஆயிரத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும், ஆனால் விலை குறைவு. கியர், ஸ்பிரிங், திருகு. கைத்திறன் உள்ள ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் சரிசெய்துவிடக்கூடிய பொருள் இது. லட்சக்கணக்கில் விற்றதால் பாகத்துக்காகக் கழற்றப் பழைய கேமரா உடல்களும் நிறைய இருக்கின்றன.

புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2024 ஜூனில் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது, வந்தபோது வெளிநாட்டில் 500 டாலர். ஒரு பிரேமில் இரண்டு படம் விழும் ஹாஃப் பிரேம் வகை, 36 படம் விழும் ரோலில் 72 படம். படங்கள் செங்குத்தாக விழும், போனில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொருந்திப் போகிறது. தூரத்தை ஆறு அடையாளங்களில் நாமே தேர்ந்தெடுத்துத் திருப்ப வேண்டும், வெளிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எனக்கு இதில் பிடித்தது அது உருவான விதம். பிலிமைக் கையால் நகர்த்தும் லீவரை மறுபடி செய்ய, ஓய்வுபெற்றுப் போன பழைய பொறியாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் செய்தார்கள். வரைபடம் கம்பெனியில் இருந்தாலும் நுணுக்கம் அவர்கள் கையில் இருந்தது. இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகம். நம் ஊரில் யார் சர்வீஸ் செய்வார்கள் என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் இதுவும் உள்ளே மின்சுற்றுதான்.

லைக்கா 2022இல் எம்6ஐத் திரும்பக் கொண்டுவந்தது, லென்ஸ் இல்லாமலே 5,000 டாலருக்கு மேல். வாங்க முடிந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. எதிர்முனையில் கோடக் பெயர் போட்ட எக்டார் எச்35 போன்ற பிளாஸ்டிக் கேமராக்கள், ஒரே ஷட்டர் வேகம், போகஸ் கிடையாது. வெயிலில் எடுத்தால் படம் விழும். அவ்வளவுதான்.

இன்ஸ்டாக்ஸைத் தனியாக வைக்கிறேன். ஃபுஜிஃபிலிம் 1998இல் கொண்டுவந்த இந்த உடனடிப் படக் கேமரா 2018ஆம் நிதியாண்டில் மட்டும் ஒரு கோடி விற்றது. ரசாயனப் படத்தொழிலில் கவலையில்லாமல் இருக்கும் பகுதி என்றால் இதுதான். லேப் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம், படம் கேமராவிலிருந்தே வெளியே வந்துவிடும். நெகட்டிவ் இல்லை, படம் தொலைந்தால் தொலைந்ததுதான். பிறந்தநாள் வீட்டில் விருந்தாளிகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்ப இதைவிடச் சிறந்தது கிடையாது. புகைப்படம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு இது உதவாது.

பிலிம் மாதிரி தெரிந்தால் போதும், பிலிம் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை போன்ற டிஜிட்டல் கேமராக்கள். வெல்வியா, அக்ராஸ் என்று தன் சொந்த பிலிம்களின் பெயரையே மெனுவில் வைத்திருக்கிறார்கள். பிலிம் வகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்த நிறுவனம் அவற்றின் பெயரை வைத்து டிஜிட்டல் விற்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் நிறம் நன்றாக வருகிறது, அதை மறுக்க முடியாது. விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

அந்த விலையைப் பார்த்து பிலிம் மலிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய ஐந்நூறு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை முன்பின் இருக்கும். 36 படத்துக்குப் பங்கிட்டால் ஒரு படத்துக்கு 42 ரூபாய். மாதம் ஒரு ரோல் என்றால் வருஷத்துக்கு 18,000. நாலு வருஷத்தில் 72,000, கேமரா விலை தனி. அந்தப் பணத்துக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவும் லென்ஸும் வாங்கிக் கணக்கில்லாமல் எடுக்கலாம். மாதம் நாலு ரோல் எடுக்கும் ஆர்வம் உள்ளவருக்கு பிலிம் கட்டாது, டிஜிட்டலுக்குப் போய்விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல், ஊருக்குப் போகும்போது ஒரு ரோல் என்று எடுப்பவருக்குச் செலவு தாங்கும்.

செலவைப் பாதிக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. கறுப்பு வெள்ளை எடுத்து வீட்டிலேயே கழுவுங்கள். வெளிச்சம் புகாத ஒரு டாங்க், டி-76 மாதிரி டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் மருந்து, தெர்மாமீட்டர் போதும். இருட்டு தேவைப்படுவது ரோலை டாங்குக்குள் சுற்றும் அந்தச் சில நிமிஷத்துக்கு மட்டுமே. ஸ்கேனுக்குப் பதிலாக, வெளிச்சப் பலகை மேல் நெகட்டிவை வைத்து மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவால் படம் பிடித்துவிடலாம். பிலிம்காரர்கள் பலரிடம் டிஜிட்டல் கேமராவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லேப் மூடினாலும் கவலையில்லாமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய ஒரே வகை பிலிம் இதுதான் என்பது என் கணிப்பு.

நிலைத்து நிற்பதில் பிலிம்தான் மேல் என்று பலரும் சொல்வார்கள். ஆஸ்கர் விருது தரும் அகாடமி 2007இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஒரு சினிமாவின் மூலப் பிரதியை டிஜிட்டலாகப் பாதுகாக்க ஆகும் வருடச் செலவு பிலிமாகப் பாதுகாப்பதைவிட 11 மடங்கு என்று கணக்குக் காட்டியது. அது குளிரூட்டிய கிடங்குக் கணக்கு. நம் வீட்டுப் பீரோவில் கதை வேறு. கடலோர ஈரத்தில் நெகட்டிவ் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை பிடிக்கும், கலர் மங்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து வீணான குடும்ப ஆல்பங்களுக்குக் கணக்கே இல்லை. ஸ்கேன் செய்து வேறொரு இடத்தில் ஒரு பிரதி வைத்தவர்கள் தப்பித்தார்கள். நெகட்டிவும் இருக்கட்டும், ஸ்கேனும் இருக்கட்டும்.

மெக்கானிக்கல் எஸ்எல்ஆர்தான் என்று முடிவு செய்துவிட்டால், வாங்கும்போது பின்மூடியைத் திறந்து ஷட்டரை எல்லா வேகத்திலும் அடித்துப் பாருங்கள். ஒரு நொடி வேகத்தில் அடிக்கும்போது இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம், சர்வீஸ் செலவைச் சேர்த்துப் பேரம் பேசுங்கள். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு பிசுபிசுத்துப் போயிருக்கும், அது மாற்றுவது எளிது, அதற்காக நல்ல கேமராவை விடாதீர்கள். லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் உடலை மட்டும் வாங்கிக்கொண்டு லென்ஸை வேறு இடத்தில் தேடுங்கள். விமானத்தில் கொண்டுபோனால் ரோல்களைத் தனிப் பையில் போட்டுக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் பிலிமை மங்கலாக்கிக் கெடுத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், பணம் கொடுப்பதற்கும் முன்னால், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் லேபுக்கு ஒரு போன் போடுங்கள். கூரியரில் அனுப்பக்கூடிய தூரம் என்றாலும் சரி. வாரத்தில் எத்தனை நாள் கலர் கழுவுகிறார்கள், மருந்து எப்போது மாற்றினார்கள், நெகட்டிவைத் திருப்பித் தருகிறார்களா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே பதில் இழுத்தால் அங்கே கலர் கொடுக்காமல் கறுப்பு வெள்ளைக்குப் போங்கள், டாங்குக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.